கைநாட்டு இருக்கை

உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் என்று சொன்னபோது ஒச்சம்மா நம்பவில்லை. முப்பது வருடம் ரோட்டில் நின்றவள். ஜல்லி உடைத்தாள், ஜல்லி சுமந்தாள், கொதிக்கிற தாரை வாளியில் தூக்கிப் போய் ஊற்றினாள். நின்றால் கூலி, உட்கார்ந்தால் ஏச்சு. அவள் அறிந்த உலகம் அவ்வளவுதான். பிறகு தார் போடும் இயந்திரம் வந்தது. ஓட்டுகிறவன்கூட இல்லாமல், பாய் விரிப்பதுபோல ரோட்டை விரித்துக்கொண்டே அது அடுக்குப்பாறை ஊரைத் தாண்டிப் போனது. அன்றிலிருந்து ஒச்சம்மாவுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் நிற்பதற்கும் இடமில்லை.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னவர் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க்.

"உக்காரணும்க்கா. யாராச்சும் கேள்வி கேட்டா பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

"யாரப் பத்திக் கேப்பாக?"

"செத்துப்போனவங்களப் பத்தி."

"அவுகள எனக்குத் தெரியாதேப்பா."

"யாருக்குமே தெரியாது. அதனாலதான் ஆள் எடுக்குறாங்க."

கிளார்க் கேலி பேசுகிறார் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுவாரமே நெடுஞ்சாலைத் துறையின் பழைய சாமான் கொட்டகைக்கு வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, கதவுக்கு மேலே 'ஆவணக் காட்சிக் கூடம்' என்று பலகை வைத்தார்கள். அந்தக் கொட்டகையில்தான் அவள் வருடக்கணக்காக மண்வெட்டியும் கடப்பாரையும் வாங்கியிருக்கிறாள். இப்போது அதே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், நடுவில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பழுப்பேறிய ஒரு தாள், பக்கத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று.

மாவட்ட ஆவணக் காட்சி அலுவலர் நிலோஃபர் உத்தமபாளையத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆபீசர் தோரணை பாதி, அக்கா தங்கச்சி உறவு பாதி என்று பேசுகிறவர். சட்டத்தை அவர்தான் ஒச்சம்மாவுக்கு விளங்கவைத்தார்.

"முன்னெல்லாம் பழைய பத்திரம்னா சென்னையில ஏசி ரூம்ல போட்டுப் பூட்டிருவாங்க. இப்போ மாநிலத்துல சட்டம் வந்திருக்கு. எந்த ஊர்ல எழுதினதோ அந்த ஊர்லயே, சனங்க பாக்குற மாதிரி வைக்கணும். வெச்சாலும் பழைய எழுத்த யாரு படிப்பா? அதனால பத்திரமே பேசணும்னு போட்டிருக்காங்க."

"காகிதம் எப்படிம்மா பேசும்?"

"எழுதின ஆள் பேசுவாரு. அவர் ஆயுசுல எழுதின கடுதாசி, கணக்கு, மனு எது கெடச்சாலும் மெஷினுக்குக் குடுத்து, அவர் மாதிரியே பேச வெச்சிருக்காங்க."

"செத்தவரு வந்து பேசுறதா? நல்ல கூத்து."

"செத்தவரு இல்லக்கா. அவர் எழுத்துதான் பேசுது. எழுத்துல இல்லாதத அவரால சொல்ல முடியாது."

"அப்போ நான் எதுக்கு?"

நிலோஃபர் தாளின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். அங்கே எழுத்து இல்லை. கரேலென்று வரிசை வரிசையாகக் கட்டைவிரல் அடையாளங்கள். எறும்புக் கூட்டம் நடந்து போய் அப்படியே நின்றுவிட்டதுபோல.

"இவங்களுக்கு. அசெம்பிளியில ஒருத்தர் எந்திரிச்சு, எழுதினவன் பேசுவான், சரி, கைநாட்டு வெச்சவன் என்ன செய்வான்னு கேட்டுட்டாரு. கூட்டத்தொடரோட கடைசி நாளு. எல்லாருக்கும் ஊருக்குப் போற அவசரம். அவங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுருங்கப்பான்னு ஒரு பிரிவச் சேத்து முடிச்சுட்டாங்க. அதே வம்சத்து ஆளோ அதே தொழில் செஞ்ச ஆளோ உக்காரணும். வம்சம் யாருன்னு தெரியல. நீங்க ரோட்டு வேல செஞ்சவங்க."

அவசரத்தில் போட்ட நாற்காலியாக இருந்தாலும் நாற்காலி நாற்காலிதான். ஒச்சம்மா உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் இரண்டும் அம்மாடி என்றன.

பத்திரத்தில் இருந்தது இதுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அடுக்குப்பாறையிலிருந்து மலைக்கு ரோடு வெட்டினார்கள். ஐப்பசி அடைமழையிலும் வேலை நிற்கக்கூடாது என்று இஞ்சினீயர் துரை சொல்லிவிட்டார். குழந்தைவேலு மேஸ்திரி ஆட்களைக் கூட்டி ஒரு தாள் எழுதினார். 'கீழே ரேகை வைத்துள்ள நாங்கள், மழைக்காலத்திலும் மலைச்சாலை வேலையை மனமொப்பிச் செய்ய இசைகிறோம். கல்லோ மண்ணோ சரிந்து எது நேரினும் எவரையும் பொறுப்பாக்கோம்.' மழை பெய்தது. மூன்றாவது வளைவில் மலை சரிந்தது. எத்தனை பேர் போனார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

கூடத்தில் பேசுகிற மேஸ்திரிக்கு முகம் கிடையாது, படம் எதுவும் கிடைக்கவில்லை. குரல் மட்டும்தான். கொஞ்சம் கனத்த, வெற்றிலை குதப்பினாற்போன்ற குரல். வாழ்ந்த காலத்தில் எப்படிப் பேசினாரோ, எழுதியது முழுக்க மனுவும் கடுதாசியும் என்பதால் மெஷினிலும் மனு கொடுப்பதுபோலவேதான் பேசினார்.

முதல் நாளே ஒச்சம்மா கேட்டாள். "என்ன மேஸ்திரி, சௌக்கியமா?"

"தங்கள் க்ஷேமத்துக்குக் கடவுளைப் பிரார்த்திக்கிறேன். இவ்விடம் யாவரும் க்ஷேமம்."

"இவ்விடத்துல நம்ம ரெண்டு பேருதான இருக்கோம். யாவரும்னு யாரச் சொல்றீக?"

"கடிதம் அவ்விதமே துவங்கும் அம்மா."

ரோட்டு வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் தனியாகத் தூக்குவாளியைத் திறக்க மாட்டார்கள். பகையாளியாக இருந்தாலும், ஏசிவிட்டுப் போன மேஸ்திரியாக இருந்தாலும், "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். ஒச்சம்மாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. மத்தியானம் ஆனதும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, "மேஸ்திரி, சாப்பிட வாங்க" என்பாள்.

"ஆகாரம் குறித்து நம் கடிதங்களில் சொற்பமே உள்ளது. ஜுரம் கண்ட சமயம் கஞ்சி குடித்ததாக ஒரு வரி உண்டு."

"அப்போ கஞ்சியே குடிங்க."

இப்படி ஆரம்பித்து இருவரும் பேச்சுப் பழகிவிட்டார்கள். மேஸ்திரியும் சின்ன வயதில் கல் சுமந்தவர்தான், வேலை கேட்டு எழுதிய ஒரு மனுவில் அதைச் சொல்லியிருந்தார். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தார், மேஸ்திரியானார். தன் எழுத்தின் மேல் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. யாராவது வந்து பத்திரத்தை வாசிக்கச் சொன்னால் ராகம் போட்டு வாசிப்பார். 'மனமொப்பி' என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் கொடுப்பார்.

மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பஸ் நிற்கிற நேரத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எஸ்டேட் பெண்கள் மழைக்கு ஒதுங்குவார்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"அவங்க விருப்பப்பட்டா கைநாட்டு வெச்சாங்க?"

மேஸ்திரி முந்திக்கொள்வார். "மேற்படி ஆட்கள் யாவரும் மனமொப்பியே ரேகை வைத்தார்கள்."

ஒச்சம்மா சொல்வாள். "எனக்குத் தெரியாதுங்க. நானா இருந்தா என்ன நெனச்சிருப்பேன்னு வேணா சொல்றேன். மழக்காலத்துல வேல இல்லேன்னா அடுப்பு எரியாது. வேலைக்குப் போனா மேல இருந்து மலை எறங்கும். ரெண்டுல எது பெரிய பயம்னு அன்னன்னைக்கு வயிறு சொல்லும். ஆனா அவுக என்ன நெனச்சாகன்னு கேட்டா, தெரியாது."

வந்தவர்களுக்கு இது போதவில்லை. டிக்கெட் வாங்கவில்லை என்றாலும் நேரம் செலவழித்திருக்கிறார்களே. அழவைக்கிறாற்போல ஏதாவது கேட்டுவிட்டுப் போனால்தான் திருப்தி. மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"எதக் கேட்டாலும் தெரியாது தெரியாதுங்கறீங்களே. அதுக்கு எதுக்கு உங்கள உக்கார வெச்சிருக்காங்க?"

"தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க தாயி. எந்திரிச்சு எடம் விட்டுர்றேன்."

அந்த அம்மாள் போகிறபோது வாசலில் இருந்த கருத்துத் திரையில் புகார் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மட்டுமல்ல, நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் விலாவாரியாகப் பதில் சொல்கிறார், கைநாட்டுக்காரர் பக்கம் ஒன்றுமே கிடைப்பதில்லை என்று. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

ஒருநாள் நிலோஃபர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புடவையைச் சரிசெய்து, மறுபடியும் தண்ணீர் குடித்தார். கெட்ட சேதி கொண்டு வருகிறவர்கள் இப்படித்தான் தண்ணீர் குடிப்பார்கள் என்று ஒச்சம்மாவுக்குத் தெரியும்.

"சொல்லுங்கம்மா. வேல போச்சா?"

"இன்னும் இல்ல. ஒரு கம்பெனி கைநாட்டுக்காரங்களுக்கும் குரல் செஞ்சு தர்றோம்னு வந்திருக்கு. எதக் கேட்டாலும் பதில் சொல்லுமாம். மாநிலம் முழுக்க எல்லாக் கூடத்துலயும் அதையே வெச்சுரலாமான்னு யோசிக்கிறாங்க. இங்க வெச்சு ஒரு நாள் பாக்கச் சொல்லியிருக்காங்க. பாத்துட்டு நான் அறிக்கை அனுப்பணும்."

"என்ன எழுதுவீக?"

"பாக்கறத எழுதுவேன்."

"அது போதும்" என்றாள் ஒச்சம்மா. ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது போதும் என்று தோன்றவில்லை. அந்த நாற்காலி போனால் மறுபடி நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பது ஒரு கேள்வி, எந்த முழங்காலை வைத்து நிற்பது என்பது இன்னொரு கேள்வி. அதைவிட, சொல்லத் தெரியாத ஒன்று நெஞ்சில் உறுத்தியது. அந்தக் கரும்புள்ளிகளைத் தினமும் பார்த்துப் பார்த்து, அவர்களும் தன்னோடு ரோட்டில் நின்ற செட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். செட்டை விட்டுவிட்டு யாராவது முதலில் வீட்டுக்குப் போவார்களா?

குறித்த நாளில் கம்பெனியிலிருந்து இன்பராஜ் வந்தான். சென்னைக்காரன், மரியாதை தெரிந்தவன். ஒச்சம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புத் தூணை நட்டான்.

"அம்மா, கோச்சுக்காதீங்க. எனக்கு இது வேலை."

"எனக்கும் இது வேலதான தம்பி. நடு, நடு. சாயாம நடு."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நிறைய. தூண் பேச ஆரம்பித்தது. இளவட்ட ஆணின் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் ஏக்கம். சினிமாவில் பட்டிக்காட்டு ஆள் பேசுகிற தமிழ்.

யாரோ கேட்டார்கள். "மழையில வேலை செய்யறது எப்படி இருந்துச்சு?"

"வானமே பொத்துக்கிட்டு ஊத்துமுங்க. சாக்க மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு, கல்லு மேல கல்லு அடுக்குவோம். கையெல்லாம் வெளுத்து ஊறிப்போயிரும். பெத்த புள்ளயக்கூடத் தூக்க முடியாதுங்க, அம்புட்டு வலி."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நல்லாத்தான பேசுறான் பய, என்று ஒச்சம்மாவே நினைத்தாள். நான் இத்தனை மாசத்துல ஒருத்தரயும் அழ வெச்சதில்லயே.

கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில். என்ன பாட்டுப் பாடினார்கள், என்ன சாமி கும்பிட்டார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்பதுவரை. ஒருதடவைகூடத் தெரியாது என்று தூண் சொல்லவில்லை. ஒச்சம்மா பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவள் மெல்லக் குனிந்து நாற்காலிக்கு அடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லி அனுப்புகிறவரை காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. வேலை முடிந்தது என்று தெரிந்தால் சாமானைக் கட்டிவிட வேண்டும்.

அப்போது நிலோஃபர் தூணின் முன்னால் வந்து நின்றார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க விருப்பப்பட்டா கைநாட்டு வெச்சீங்க?"

"ஆமாங்கம்மா" என்றது தூண். அதே ஏக்கக் குரல். "மேஸ்திரி எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாருங்க. மலைச்சாலை முடிஞ்சா ஊரு ஜனங்களுக்கே பரோபகாரம்னு எங்களுக்கும் வெளங்குச்சு. மனமொப்பித்தாங்க வெச்சோம். மழை மேல குத்தம் சொல்லலாமே ஒழிய, மனுசங்க மேல சொல்லலாகாதுங்க."

"நிறுத்து" என்றார் மேஸ்திரி.

கூடம் திடுக்கிட்டது. யாரும் கேட்காமல் மேஸ்திரி பேசியதே இல்லை. தன் எழுத்து காதில் விழுந்தால் பேச வேண்டும் என்று அவரைச் செய்தவர்கள் வைத்திருந்த ஏற்பாடு இப்போதுதான் முதல்முறையாக வேலை செய்திருக்கிறது.

"மழையின் மீது குற்றம் கூறலாமேயன்றி மனிதர் மீது கூறலாகாது. இது என் வாக்கியம். துரை அவர்களுக்கு நான் வரைந்த கடிதத்தில் உள்ளது. பரோபகாரம் என்பதும் நான் வரைந்ததே. இவன் யார், என் எழுத்தைக் களவாடுகிறவன்?"

இன்பராஜ் கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டினான். "சார்... அது உங்க ஆளுங்களோட குரல் சார்."

"என் ஆட்களா? என் ஆட்களில் ஒருவனுக்குப் பரோபகாரம் என்ற சொல் வாயில் நுழையுமா?"

நிலோஃபர் இன்பராஜைப் பார்த்தார். "இதுக்கு என்னத்தப் படிக்கக் குடுத்தீங்க?"

"அந்தக் காலத்து ரோட்டு வேலைக்காரங்களப் பத்தி என்னென்ன எழுதியிருக்கோ, அத்தனையும் மேடம்."

"யாரு எழுதினது?"

இன்பராஜ் பலகையில் பட்டியலைத் திறந்து பார்த்தான். "துரை எழுதினது கொஞ்சம். மிச்சமெல்லாம் மேஸ்திரி எழுதினது. அவங்க ஒண்ணும் எழுதலையே மேடம். பேச்சு வழக்கு மட்டும் பிற்பாடு மேல பூசினோம்."

"அப்போ இவ்வளவு நேரம் அழுதது யாரு?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். கண்ணைத் துடைத்த பெண் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

மேஸ்திரி விடுவதாக இல்லை. எழுத்துக்காரனின் ரோஷம் பொல்லாதது. "என் ஆட்கள் எவ்விதம் பேசுவார்கள் என்று நான் அறியேனா? எதைக் கேட்டாலும் ஒரே விடை. 'பாப்பம்.' ஆமென்பதும் கிடையாது, இல்லையென்பதும் கிடையாது. இவர்களை வைத்துக்கொண்டு வேலை வாங்குவது எங்ஙனம் என்று துரை அவர்களிடம் இருமுறை முறையிட்டிருக்கிறேன்."

ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை, மடியிலிருந்த பை கீழே விழுகிற அளவுக்குச் சிரிப்பு.

"என்னக்கா?" என்றார் நிலோஃபர்.

"நாங்களும் அதத்தான சொன்னோம்! எங்க செட்டுல நாளைக்கு வெள்ளன வருவியான்னு மேஸ்திரி கேட்டா, ஒருத்தியும் வாரேன்னு சொல்ல மாட்டோம். பாப்பம்னுதான் சொல்வோம். வாரேன்னு சொல்லிட்டுப் போகலன்னா ஏச்சு. வரலன்னு சொன்னா அடுத்த நா வேல கெடையாது. பாப்பம்னு சொன்னா ரெண்டும் இல்ல பாருங்க. அவரு மண்டைய ஒடச்சுக்கிட்டுப் போயிருவாரு."

"அவ்விதமே, அவ்விதமே!" என்றார் மேஸ்திரி. நூற்றைம்பது வருடமாக யாரிடமும் சொல்லி ஆற்ற முடியாத குறை ஒருவழியாகக் கேட்கப்பட்டுவிட்ட சந்தோஷம் குரலில் தெரிந்தது.

நிலோஃபர் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டே போனார். குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ஐயா, இந்தப் பத்திரத்துல 'மனமொப்பி'ன்னு இருக்கே, அது யார் வார்த்தை?"

"அடியேன் யாத்தது. நல்ல வார்த்தை அல்லவா?"

"அன்னைக்கு அவங்ககிட்ட, மழையில வேல செய்வீங்களான்னு கேட்டப்போ அவங்க என்ன சொன்னாங்க?"

"வழக்கம்போலத்தான். அன்று மாலையே துரைக்கு எழுதினேனே. 'இம்முறையும் பாப்பம் என்றே சொல்லிக் கலைந்தார்கள். விடிந்ததும் ரேகை வாங்கி அனுப்புகிறேன்' என்று."

"அவங்க பாப்பம்னு சொன்னத எதுக்கு மனமொப்பின்னு எழுதினீங்க?"

மேஸ்திரி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "பாப்பம் என்பதை ஒரு பத்திரத்தில் எவ்வாறம்மா எழுதுவது?"

எஸ்டேட் பெண்களில் ஒருத்தி 'ஆத்தாடி' என்றாள். இன்பராஜ், யாரும் சொல்லாமலே, தூணின் இணைப்பைப் பிடுங்கினான்.

நிலோஃபர் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பலகையில் அறிக்கை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே ஒச்சம்மாவிடம் சொன்னார். "இந்த மெஷின் வேணாம்னு எழுதறேன். நாற்காலி அப்படியே இருக்கட்டும்னும் எழுதறேன். பையக் கீழ வைங்கக்கா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா சம்பளம்னு அந்த மதுர அம்மா திரும்பக் கேட்டா?"

"அதுக்குத்தான்னு சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்றதுக்கு இங்க வேற ஆள் இல்ல."

ஒச்சம்மா பையைக் கீழே வைத்தாள். உடம்பு முழுவதும் நாற்காலியில் இறங்கி உட்கார்ந்தது.

"இன்னொண்ணு" என்று நிலோஃபர் எழுந்து பெட்டிக்கு வந்தார். "ஐயா, நீங்க இப்போ சொன்னத பதிவு பண்ணணும். பத்திரத்துக்குப் பக்கத்துல ஒரு பலகை வைப்போம். மனமொப்பிங்கறது எழுதினவர் வார்த்தை, ஆளுங்க சொன்னது பாப்பம்னு. சட்டப்படி உங்க சம்மதம் கேக்கணும். சம்மதமா?"

பெருமைக்காகச் சொன்ன பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்று மேஸ்திரிக்குப் புரிந்தது போலிருந்தது. வேண்டாம் என்றால் ஆபீசரம்மாள் கோபிப்பார். சரி என்றால், இனி வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தப் பலகையை வாசித்துவிட்டுத்தான் அவர் பத்திரத்தை வாசிப்பான்.

"பார்ப்போம்" என்றார் மேஸ்திரி.

ஒச்சம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

நிலோஃபர் கைப்பலகையைத் திருப்பித் திருப்பித் தேடினார். "பார்ப்போம்னு இதுல ஒண்ணும் இல்லையே. ஆமா, இல்ல, ரெண்டுதான் இருக்கு." வெளியே ஜீப்பில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அடுத்த கூடம் மலைக்கு மேலே, அங்கேயும் ஒரு பத்திரம் காத்திருந்தது. "சரி, ஆமான்னே போட்டுக்கறேன் ஐயா. நல்ல காரியம்தான." விரலால் அழுத்தினார். கைப்பலகை சிணுங்கியது. 'ஆவணக் குரல் மனமொப்பிச் சம்மதித்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அதை வாசித்தாரோ வாசிக்கவில்லையோ, கைப்பலகையைப் பையில் போட்டுக்கொண்டு, "வர்றேங்கக்கா" என்று கிளம்பிவிட்டார்.

கூட்டமும் பஸ்ஸுக்குக் கலைந்தது. இன்பராஜ் தூணைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒச்சம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். கூடத்தில் வெயில் மட்டும் வாசல்படிவரை வந்து நின்றது.

வெகுநேரம் கழித்து மேஸ்திரி பேசினார். மனு கொடுக்கிற தோரணை இல்லை.

"ஏ ஒச்சம்மா. நான் ஆமென்று சொல்லவில்லையே."

"சொல்லல. கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"சொன்னதாகப் பதிந்துவிட்டார்களே."

"பதிஞ்சுட்டாக."

"அந்த அம்மாள் நல்லவர்தான்."

"ரொம்ப நல்லவுக."

ஒச்சம்மா காலை நீட்டி, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள். எழுந்து போகச் சொல்ல யாருமில்லை. இப்படி ஒரு சுகம் உலகத்தில் உண்டு என்று செட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"அன்று விடிந்து ரேகை வாங்கினேனே, அப்பொழுது அவர்களும் இவ்விதம்தான் நின்றார்களா? இல்லை இல்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு? உனக்கு என்ன தோன்றுகிறது?"

"எனக்கு எப்படி மேஸ்திரி தெரியும்? நான் அங்க இல்ல. நீங்கதான இருந்தீக."

"இருந்தேன். ஆனால் அவர்கள் முகத்தைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை."

"தேடிப் பாருங்க" என்றாள் ஒச்சம்மா. "எதுலயாச்சும், ஒரு ஓரத்துல, அரை வரி எழுதியிருப்பீக. கெடச்சா சொல்லுங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."